நாலு திரைக்கும் ஒரே சட்டை

"என்னக் காப்பாத்துங்கன்னு கேக்க வரல மேடம். நான் பாத்தேனா, பாக்காம விட்டேனா? அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லிருங்க. அப்பறம் போலீஸ்ல என்ன பண்ணாலும் சரி."

கீழ ராஜ வீதியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற எங்கள் ஆபீசுக்கு எத்தனையோ பேர் படியேறி வந்திருக்கிறார்கள். புருஷனைப் பின்தொடரச் சொல்வார்கள், மாப்பிள்ளை குடிக்கிறானா என்று விசாரிக்கச் சொல்வார்கள். தான் தப்பு செய்தோமா இல்லையா என்று தனக்கே தெரியாமல் வந்து நின்ற முதல் ஆள் இந்தப் பெண்தான். பெயர் பிளெஸ்ஸி. இருபத்தைந்து வயது இருக்கும். மீமிசலிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். டிசம்பர் மழையில் முழங்கால் வரை நனைந்திருந்தாள்.

என் முதலாளி பிரகதீஸ்வரி மேடம் எழுந்து துண்டை எடுத்துக் கொடுத்தார். நான் திருப்பதி. மேடத்தின் உதவியாளன், டிரைவர், டீ வாங்கப் போகிறவன் எல்லாமே நான்தான். வாய் கொஞ்சம் நீளம். அதற்காக மூன்று தடவை வேலையைவிட்டு அனுப்பப்பட்டிருக்கிறேன். வேறு ஏமாளி கிடைக்காததால் மூன்று தடவையும் மறுநாளே கூப்பிட்டுக்கொண்டார்.

"மொதல்ல இருந்து சொல்லும்மா," என்றார் மேடம்.

சொன்னாள். பெரியகருப்பன் மரைன்ஸ் என்று ஒரு கம்பெனி. மீன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். தலைமை ஆபீஸ் இங்கே டவுனில், மீன் இறங்குவது மீமிசலில். நாற்பது நாட்டுப்படகுகள் அவர்களிடம் பதிந்திருக்கின்றன. படகுப் பதிவு, வானிலை, ஐஸ், ஏலம் என்று நாலு வேலைக்கு நாலு வெப் அப்ளிகேஷன். மீமிசல் கரை ஆபீசில் உட்கார்ந்து அந்த நாலையும் பார்த்துக்கொள்வதுதான் பிளெஸ்ஸியின் வேலை.

"காத்து கெளம்பப் போகுதுன்னு தகவல் வந்தா மேனேஜர் வானிலை ஆப்ல அறிவிப்புப் போடுவாரு. போட்டதும் என் ஸ்கிரீன்ல வரும். நான் உடனே 'தடை'ய அமுக்கணும். அமுக்குனா கரையில மாட்டியிருக்கிற டிவியில பச்சப் பட்டை போயி செவப்பு வந்திரும். படிக்கத் தெரியாதவங்களும் கலரப் பாத்துட்டு நின்னுருவாங்க."

"அன்னைக்கு?"

"நவம்பர் பதினேழு. நான் அமுக்கல. பச்சையாவே இருந்துச்சு. அஞ்சரைக்குக் காத்து தூக்கிருச்சு. ஒரு படகு திரும்பல. ரெண்டு பேரு போயிட்டாங்க."

"யாரு யாரு?"

"அய்யாக்கண்ணு மாமா ஒருத்தரு." அவள் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "இன்னொருத்தரு செபமாலை. எங்க அப்பா."

டிவியைப் பற்றி ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயைத் திறந்திருந்தேன். மூடிக்கொண்டேன்.

அரசாங்க எச்சரிக்கை மறுநாள் விடிகாலைக்குத்தான் இருந்ததாம். கம்பெனி தனியாக ஏற்பாடு செய்துகொண்ட வானிலைக் கணிப்புதான் அன்றைக்கு மத்தியானமே முந்திச் சொன்னது. அது மேனேஜருக்கு மெயிலில் வரும். மேனேஜர் சூர்யபிரகாஷ் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். மூன்று பத்துக்கே அறிவிப்பைப் போட்டுவிட்டேன் என்கிறார். போட்ட கையோடு எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டுகிறார். அதன் ஜெராக்ஸ் பிளெஸ்ஸியின் சஸ்பெண்ட் ஆர்டரோடு இணைக்கப்பட்டிருந்தது. கறுப்பு வெள்ளையில், மை தீர்ந்த மிஷினில் எடுத்தது.

"நீ என்னம்மா சொல்ற? வந்துச்சா, வரலையா?"

"நெனைப்பில்ல மேடம். அன்னைக்கு ஐஸ் வண்டி லேட்டு. ஃபோன் மேல ஃபோன். வந்திருக்கலாம், நான் கவனிக்காமயும் இருந்திருக்கலாம். ராத்திரி பகலா யோசிச்சுட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிருக்காங்க. இனிமே வெளிய விடமாட்டாங்கன்னு வக்கீல் சொல்லிட்டாரு. புகார் கொடுத்தது எங்க அம்மா."

"ஒங்க அம்மாவா?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"கட்டுனவரக் கொன்னவ மகளா இருந்தா மட்டும் விட்டுருவேனான்னு கேட்டாங்க. நியாயந்தானே சார்?"

மேடம் குடையை எடுத்தார். "திருப்பதி, வண்டிய எடு. நீயும் வாம்மா."

*

சாஃப்ட்வேர் கம்பெனி என்றால் கண்ணாடிக் கட்டடமும் கழுத்தில் தொங்கும் அட்டையும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாலு அப்ளிகேஷனையும் செய்த எழிலரசனின் கம்பெனி, புது பஸ் ஸ்டாண்ட் எதிரே மொபைல் கடைக்கு மாடி. மூன்று கம்ப்யூட்டர், ஒரு தண்ணீர் கேன். ஊழியர்கள் எண்ணிக்கையும் கேனையும் சேர்த்தால்தான் நாலு வரும்.

பிளெஸ்ஸி வண்டியிலேயே இருந்துகொண்டாள். நாங்கள் மட்டும் மேலே போனோம். எழிலரசன் மறைக்கிற ஆளாகத் தெரியவில்லை. போலீஸ் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்த ஒரிஜினல் ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து காட்டினான். வானிலை அறிவிப்பு, பதினேழு, மாலை மூன்று பத்து. படத்தின் மேலோரத்தில் ஃபோன் கடிகாரம் ஐந்து நாற்பது காட்டியது.

"நேரம் இடிக்குதே," என்றேன்.

"சிங்கப்பூர் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி சார். சரியாத்தான் இருக்கு."

எனக்கு வேறொன்று இடித்தது. "அது என்னங்க கலரு, அடிப்பிடிச்ச பாத்திரம் மாதிரி?"

"துக்கச் சட்டை சார்."

"என்னது?"

"நாங்க தீம்னு சொல்லுவோம். பெரியகருப்பன் அய்யா சட்டைன்னுதான் சொல்வாரு. 'ஏப்பா, பொங்கலுக்கு ஒரு சட்டை தைச்சுக் குடு, தீபாவளிக்கு ஒண்ணு'ம்பாரு." எழிலரசன் லேசாகச் சிரித்தான். "மொதல்ல நாலு ஆப்பும் நாலு வருசத்துல செஞ்சது மேடம். ஒண்ணு பச்சை, ஒண்ணு ஊதான்னு ஆளுக்கொரு கலரு. ஜனங்க கொழம்பிட்டாங்க. அதனால கலரையெல்லாம் பிச்சு எடுத்துத் தனியா ஒரே எடத்துல வச்சுட்டேன். நாலு ஆப்பும் அங்க வந்து கேட்டுத்தான் உடுத்திக்கணும். ஒரு எடத்துல மாத்துனா ஒரு நிமிசத்துல நாலும் மாறிரும். கரை டிவியும் சேத்துத்தான். போலாம்ங்கிற பச்சையும் தடைங்கிற செவப்பும் மட்டும் எந்தச் சட்டையிலயும் மாறாது. அய்யா கண்டிசனா சொல்லிட்டாரு."

"துக்கச் சட்டை யாருக்கு?"

"அய்யாவுக்கேதான். நவம்பர் நாலாந்தேதி எறந்துட்டாரு. அவரு மக மணிமேகலை அம்மா ஃபோன் பண்ணி அழுதாங்க. காரியம் முடியிற வரைக்கும் எல்லா ஸ்கிரீனும் சாம்பல் நெறத்துல இருக்கணும்னாங்க. ஒரு மணி நேரத்துல செஞ்சு கொடுத்தேன். அதுக்கப்பறம் பழையபடி கடல் நீலம். இன்னைக்கு வரைக்கும் அதான்."

"போடுறதும் கழட்டுறதும் நீங்களா?"

"இல்ல மேடம். அதுக்குத் தனியா ஒரு பக்கம் இருக்கு. அம்மாவே போட்டுக்குவாங்க, கழட்டிக்குவாங்க."

"எப்பக் கழட்டுனாங்கன்னு பதிவு?"

"இருக்காது. இப்ப எந்தச் சட்டைன்னு மட்டும்தான் இருக்கும்."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம். "அந்தப் பதினேழாம் தேதி அறிவிப்ப இப்பத் தெறங்க."

திறந்தான். அதே அறிவிப்பு, அதே மூன்று பத்து. ஆனால் நீலம்.

"பதிவு பழசு, சட்டை மட்டும் இன்னைக்குள்ளது. எப்பத் தெறந்தாலும் அன்னன்னைக்கு உள்ள சட்டையத்தான் போட்டுக்கும்," என்றான் எழிலரசன். "அதனாலதான் மேடம் நானே இத நம்புனேன். அப்பறமா உக்காந்து தயார் பண்ணியிருந்தா நீலமா வந்திருக்கும். சாம்பலா இருக்கு. அப்பத் துக்க நாளுக்குள்ள எடுத்ததுதான். நாலாந்தேதியில இருந்து பதினாறு நாள் எண்ணுங்க. பத்தொம்போது வரும். பதினேழு அதுக்குள்ள அடங்கிருது. போலீசுக்கும் அதத்தான் எழுதிக் கொடுத்தேன்."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அடங்கத்தான் செய்தது. கீழே வண்டியில் உட்கார்ந்திருக்கிறவளிடம் போய், 'நீதானம்மா' என்று எந்த வாயால் சொல்வது?

மேடம் அசையவில்லை. "பழைய சட்டைய இப்ப யாராச்சும் போட்டுப் பாக்கலாமா?"

"முன்னோட்டம்னு ஒண்ணு இருக்கு. பாக்கிறவங்க ஸ்கிரீன்ல மட்டும் தெரியும். மத்தவங்களுக்கு மாறாது. மணிமேகலை அம்மாவுக்கும் சூர்யபிரகாஷ் சாருக்கும் மட்டும்தான் அது தெறக்கும்."

"முன்தேதி போட்டு அறிவிப்பு ஏத்த முடியுமா?"

அவன் தயங்கினான். "முடியும். நெட் இல்லாத நேரத்துல வாயால சொன்னத அப்பறம் ஏத்திக்கிறதுக்காக வச்சது. அதுவும் அவங்க ரெண்டு பேருக்குத்தான். ஆனா மேடம், முடியும்ங்கிறது வேற, செஞ்சாங்கங்கிறது வேற."

"ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் எங்க தொழிலு," என்றேன்.

*

தலைமை ஆபீஸ் திருக்கோகர்ணம் போகிற வழியில் இருந்தது. வாசலிலேயே பெரியகருப்பன் படம், பெரிய மாலை. சூர்யபிரகாஷ் முப்பத்தைந்து வயதுக்காரர். இஸ்திரி கலையாத சட்டை, இறங்கிய குரல். பேச்சுக்குப் பேச்சு 'பாவம் அந்தப் பொண்ணு' என்றார். எனக்கு அந்தப் 'பாவம்' பிடிக்கவில்லை.

"எத்தன நாள் சார் சிங்கப்பூர்ல?" என்றார் மேடம்.

"அய்யா அடக்கம் முடிஞ்சு, ஆறாந்தேதி போனேன். இருபத்தஞ்சுதான் திரும்புனேன். பையர்ஸ் மீட்டிங், தள்ளிப்போட முடியல."

"அறிவிப்புப் போட்டதும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

"பழக்கம் மேடம். எது அனுப்புனாலும் ஒரு காப்பி வச்சுக்குவேன்."

"அப்ப அந்த இருபது நாள்ல அனுப்புன வேற எதுக்காவது காப்பி இருக்குமா? ஒண்ணே ஒண்ணு காட்டுங்களேன்."

அவர் ஃபோனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "ஃபோன் நெறஞ்சு போச்சுன்னு அழிச்சிட்டேன்."

"இத மட்டும் அழிக்கல."

"ரெண்டு உசிரு போன விசயம். எப்படி அழிப்பேன்?"

மேடம் தலையாட்டினார். "படம் சாம்பல் கலர்ல இருக்கே. ஃபோன்ல ஏதும் கோளாறா?"

அவர் முகத்தில் ஒரு சோகம் வந்து உட்கார்ந்தது. உண்மையான சோகம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். "அய்யாவுக்காகப் போட்டது மேடம். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் எல்லா ஸ்கிரீனும் அப்படித்தான் இருந்துச்சு. அங்க எந்த ஸ்கிரீனத் தெறந்தாலும் அய்யா ஞாபகம். காரியத்தன்னைக்கு ஒரு கோயில்ல போய் வெளக்குப் போட்டுட்டு, உக்காந்து அழுதுட்டு வந்தேன்."

"என்னைக்கு அது?"

"பத்தொம்போதாம் தேதி."

மேடம் எழுந்து கைகூப்பினார். அடுத்து உள்ளறைக்குப் போனோம். மணிமேகலைக்கு நாற்பது வயது இருக்கும். அப்பாவின் நாற்காலியில் உட்காராமல், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க மேனேஜருக்கு அய்யா மேல ரொம்பப் பாசம் போல," என்றார் மேடம். "பதினாறாம் நாள் காரியத்துக்கு வர முடியலையேன்னு வருத்தப்பட்டாரு."

"பதினாறா?" மணிமேகலை கண்ணாடியைக் கழற்றினார். "நாங்க எங்கங்க பதினாறு பாத்தோம்? பதினொண்ணுலயே முடிச்சிட்டோமே."

பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்த நான் அதைக் கிட்டத்தட்ட விழுங்கிவிட்டேன்.

"ஏம்மா?" என்றார் மேடம், சாதாரணமாக.

"பதினாறாம் நாள் வரைக்கும் இழுத்தா ஐப்பசி முடிஞ்சு கார்த்திகை பொறந்திருது. ஐப்பசியில எறந்தவருக்கு ஐப்பசியிலேயே முடிக்கணும், காரியம் ரெண்டு மாசம் தொடக் கூடாதுன்னு பங்காளிங்க ஒத்தக் கால்ல நின்னுட்டாங்க. கார்த்திகை பதினாறாந்தேதி பொறந்துச்சு. நாங்க பதினாலே முடிச்சிட்டோம். எனக்கு இன்னும் நாலு நாள் அப்பாவுக்காகத் துக்கம் காக்கணும்னுதான் இருந்துச்சு. யாரு கேக்கிறா?"

"ஸ்கிரீன் சட்டைய எப்பம்மா கழட்டுனீங்க?"

"அன்னைக்குச் சாயந்திரமே. தலை முழுகிட்டு வந்து மொத வேலை அதான். காரியம் முடிஞ்ச பெறகு துக்கத்த வீட்லயும் வச்சுக்கக் கூடாது, ஆபீஸ்லயும் வச்சுக்கக் கூடாதுன்னு பெரியம்மா சொல்லிட்டாங்க."

"மேனேஜர் கொடுத்த ஸ்கிரீன்ஷாட்டப் பாத்தீங்களா?"

"ஜெராக்ஸ் பாத்தேன்."

"கலர்ல?"

"இல்லையே. ஏன்?"

எழிலரசனிடம் வாங்கி வந்திருந்த படத்தை மேடம் தன் ஃபோனில் காட்டினார். மணிமேகலை பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பதினேழாந்தேதி இந்தக் கலர் எங்கயுமே இல்லங்க," என்றார்.

*

வண்டியில் ஏறியதும் குதித்தேன். "முடிஞ்சது மேடம்! முன்னோட்டம் ரெண்டு பேருக்குத்தான் தெறக்கும். அதுல ஒருத்தங்களுக்குக் காரியத் தேதி மறக்காது, அப்பாவாச்சே. மிச்சம் யாரு? ஊர்ல இல்லாம, ஆப்பையும் தெறக்காம, பதினாறுன்னு மனக்கணக்குப் போட்ட மகராசன்தான்!"

"அவன் என்ன சொல்வான் தெரியுமா? அம்மா துக்கத்துல இருந்தாங்க, தேதி கொழம்பியிருக்கும், கழட்டுனது பத்தொம்போதுதான்னு சொல்வான். எழிலரசன்கிட்டப் பதிவு கெடையாது. வாய்ச்சொல்லுக்கு எதிரா வாய்ச்சொல்." மேடம் பின்னால் திரும்பினார். "பிளெஸ்ஸி, பதினேழாந்தேதி திரை என்ன கலர்ல இருந்துச்சு?"

"தெரியல மேடம். தெனமும் பாக்கிறதுதானே. கலர யாரு கவனிச்சா?"

"அன்னைக்கு எடுத்த ஒரு படம் வேணும். நாலுல எந்த ஆப்பா இருந்தாலும் பரவால்ல. ஒரே சட்டைதானே. யாராச்சும் ஃபோட்டோ எடுத்திருப்பாங்களா?"

ஏல ஏஜென்ட், ஐஸ் கடைக்காரர், இரண்டு படகுக்காரர்கள் என்று அவள் சொல்லச் சொல்ல நான் ஃபோன் போட்டேன். மீனைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். மீனுக்குப் பக்கத்தில் தங்களைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். ஸ்கிரீனைப் படம் எடுக்க யாருக்கு என்ன தலையெழுத்து?

கரையில் போய் நேரிலேயே கேட்கலாம் என்று மீமிசலுக்குக் கிளம்பினோம். அறந்தாங்கி தாண்டியதும் பிளெஸ்ஸி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா எடுப்பாரு."

மேடம் என் தோளைத் தட்டினார். வண்டியை ஓரங்கட்டினேன்.

"அவருக்கு எழுதத் தெரியாது. கெளம்புறதுக்கு முன்னாடி கரை டிவியப் படம் எடுத்து அம்மா ஃபோனுக்கு அனுப்புவாரு. பச்சப் பட்டை வந்தா கடலுக்குப் போறேன்னு அர்த்தம். செவப்புன்னா வீட்டுக்கு வாரேன், சோத்த வையின்னு அர்த்தம். அன்னைக்கு அனுப்புனாரான்னு தெரியாது. அம்மா என்கிட்டப் பேசி இருபத்துநாலு நாளாச்சு."

*

மீமிசலில் மழை விட்டிருந்தது. பிளெஸ்ஸியின் அம்மா ஞானமணி வீட்டு வாசலில் வலை நனைந்து கிடந்தது, எடுத்து வைக்க ஆள் இல்லாமல். மகள் வண்டியில் இருப்பதைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் இறுகியது.

"அவளுக்காக வந்திருந்தா அப்படியே அங்கிட்டுப் போயிருங்க."

"செபமாலைக்காக வந்தோம்மா," என்றார் மேடம். "அன்னைக்கு அவரு படம் ஏதும் அனுப்புனாரா?"

ஞானமணி இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். தேட வேண்டியிருக்கவில்லை. திறந்ததுமே அந்தப் படம்தான் நின்றது.

"பாருங்க. மூணு இருபத்தஞ்சு. பச்சை." குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மூணு பத்துக்கே அறிவிப்பு வந்துருச்சுன்னு மேனேஜரு சொல்றாரு. பதினஞ்சு நிமிசம். அந்தப் பதினஞ்சு நிமிசம் எம் மக எங்க பாத்துக்கிட்டு இருந்தா? அப்பன் கெளம்புறான்னு தெரியாதா அவளுக்கு? ஒரு பொத்தான அமுக்க வலிக்குதா?"

"இத ஏம்மா போலீஸ்ல காட்டல?"

"காட்டணும்னுதான் தெனமும் எடுப்பேன்." ஞானமணி ஃபோனை மார்போடு அணைத்துக்கொண்டார். "புகார் எழுதிக் கொடுத்துட்டேன். இத மட்டும் கொடுக்கக் கை வரலம்மா. இதக் கொடுத்துட்டா அவ அவ்வளவுதான்னு தெரியும். பெத்து வளத்துட்டேனே."

"கொடுங்க," என்றார் மேடம்.

வாங்கி, படத்தைப் பெரிதாக்கினார். நான் எட்டிப் பார்த்தேன். டிவி, செபமாலையின் படகுப் பெயர், நடுவில் அகலமாகப் பச்சைப் பட்டை. மேடத்தின் விரல் பட்டையைவிட்டு நகர்ந்து ஓரத்துக்குப் போனது.

"பச்சைய விடுங்கம்மா. அதச் சுத்தி என்ன கலர்னு சொல்லுங்க."

"நீலம்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நீலந்தாம்மா. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. அதுக்கென்ன?"

மேடம் அந்த அம்மாவைக் கைப்பிடித்துப் படியில் உட்காரவைத்தார். தன் ஃபோனில் இருந்த சாம்பல் படத்தை எடுத்து, நீலப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "இது மேனேஜர் காட்டுறது. அதே நாள், கால் மணி நேரம் முன்னாடி எடுத்தேன்னு சொல்றாரு. கம்பெனியில எல்லாத் திரைக்கும் ஒரே சட்டைம்மா. ஒண்ணு நீலம்னா எல்லாம் நீலம். ஒண்ணு சாம்பல்னா எல்லாம் சாம்பல். ஒங்க வீட்டுக்காரரு எடுத்தது நெசம். அப்ப இது பொய். இந்தாளு அன்னைக்கு எந்த அறிவிப்பும் போடல. திரும்பி வந்து, முன்தேதி போட்டு ஏத்திட்டு, பதினேழாந்தேதியே எடுத்த மாதிரி தெரியணும்னு துக்கச் சட்டைய மாட்டிப் படம் எடுத்திருக்கான். பதினாறு நாள் ஓடியிருக்கும்னு நெனச்சான். ஓடுனது பதினொண்ணு."

ஞானமணிக்குப் பாதிதான் புரிந்தது என்று நினைக்கிறேன். ஆனால் வேண்டிய பாதி புரிந்துவிட்டது. "அப்ப... எம் மக ஸ்கிரீனுக்கு ஒண்ணுமே வரலையா?"

"வரவே இல்லம்மா."

மேடம் படத்தை மணிமேகலைக்கு அனுப்பிவிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் சூர்யபிரகாஷைக் கூப்பிடுவது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. "இது எப்ப எடுத்தது தெரியுதா?" என்று மணிமேகலை கேட்டார். "அப்பா காரியம் என்னைக்குன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சூர்யா."

பிறகு சூர்யபிரகாஷின் குரல். "மீட்டிங்ல ஃபோன சைலண்ட்ல போட்டுட்டேன்மா. மெயில ராத்திரி ஹோட்டலுக்குப் போய்த்தான் பாத்தேன். அப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. யாரோ ஒருத்தர் மேல விழத்தானே போகுது... அவளுக்குத்தான் எதுவும் ஞாபகம் இல்லன்னாங்க... அதான்..."

மேடம் இணைப்பைத் துண்டித்தார். பிளெஸ்ஸிக்கு அது கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தார் போல. கேட்டிருந்தது. அவள் வண்டிக் கதவைத் திறந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி உட்கார்ந்திருந்தாள்.

"திருட்டுப்பய," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒரு சட்டையும் மாத்தாம அப்படியே எடுத்திருந்தா நீலமாவே வந்திருக்கும் மேடம். மாட்டியிருக்கவே மாட்டான்."

"சிங்கப்பூர் கடிகாரத்துக்கு ரெண்டரை மணி நேரம் கூட்டத் தெரிஞ்சவனுக்கு, நம்மூரு காலண்டர்ல அஞ்சு நாள் கழிக்கத் தெரியல," என்றார் மேடம். பிறகு பிளெஸ்ஸியிடம் போனார். "நீ கேட்டதுக்குப் பதில் இதாம்மா. நீ பாக்காம விடல. பாக்க ஒண்ணும் வரல."

பிளெஸ்ஸி தலையாட்டினாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். நான் ஒரு மடையன்.

ஞானமணி படியிலிருந்து எழ முயன்றார், முடியவில்லை. அங்கிருந்தே மேடத்தைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, புகாருல பேர மாத்தி எழுதலாமா?"

"எழுதலாம்மா. நாளைக்குப் பத்து மணிக்கு நானே ஒங்களக் கூட்டிட்டுப் போறேன்."

"அந்தாளு பேர எழுதுங்க. அதுக்குக் கீழ எம் பேரயும் எழுதிருங்க. பெத்த புள்ளையக் கொலைகாரின்னு கைநாட்டு வச்சுக் கொடுத்தவ நான். இருபத்துநாலு நாளா இந்தப் படத்த வச்சுக்கிட்டுப் பச்சைய மட்டும்தானேம்மா பாத்தேன்..."

பிளெஸ்ஸி இறங்கி வந்தாள். அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்த ஃபோனை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அந்த டிவிய எங்கப்பா நம்பவே மாட்டாரு மேடம்," என்றாள். "கலரெல்லாம் என்னாத்தா, பொம்மை மாதிரின்னுவாரு. உள்ள நான் ஒக்காந்திருக்கேன்னுதான் நம்பிப் போனாரு."

ஞானமணி மகளின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தார். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே வந்தார்கள். நானும் மேடமும் வண்டிக்குப் போய், கதவைச் சாத்தாமல் காத்திருந்தோம்.